அலுமினியப் படகில் சாயம் ஏன் கொப்பளிக்கிறது?

மாணவர்களே, மெர்சிங் படகுத்துறைக்கோ கூக்குப் கரைக்கோ அடுத்த முறை போகும்போது, கரையேற்றி வைத்திருக்கும் அலுமினியப் படகு ஏதேனும் கண்ணில் பட்டால் அதன் அடிப்பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பராமரிப்பு குறைந்த படகாக இருந்தால், அம்மை கண்டதுபோல் சாயத்தில் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பியிருக்கும். ஒரு கொப்புளம் உடைந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கும், அல்லது வெள்ளைப் பொடி இருக்கும். பொடியைத் துடைத்தால் அதற்குக் கீழே ஊசி முனை அளவில் ஒரு குழி தெரியலாம். (பிறர் படகைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.)

அந்தக் குழிதான் ஆபத்து. இரும்பு துருப்பிடித்தால் பழுப்பு நிறத்தில் ஊருக்கே தெரியும். அலுமினியம் அப்படி அல்ல. தகட்டின் பெரும்பகுதி பளபளப்பாகவே இருக்கும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் அரிப்பு சத்தமில்லாமல் உள்நோக்கித் துளைத்துக்கொண்டே போகும். சிறு படகின் அடித்தகடு சில மில்லிமீட்டர் தடிப்புதான். அது துளைபட்டால் நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வரும். மீன்பிடிக்கப் போகிறவர்களும் தீவுக்குப் பயணம் செய்கிறவர்களும் நம்பியிருப்பது அந்தச் சில மில்லிமீட்டரைத்தான்.

அப்படியானால் படகுக்கு ஏன் அலுமினியம்? எடைதான் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம், அதே அளவு அலுமினியம் 2.7 கிராம். படகு இலேசானால் எரிபொருள் குறையும், வேகம் கூடும். அதனால்தான் உலகெங்கும் விரைவுப் படகுகள், சுற்றுக்காவல் படகுகள் பலவற்றை அலுமினியக் கலப்புலோகத்தில் கட்டுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத கவசம்

உங்கள் வேதியியல் பாடத்தில் உள்ள நியம மின்வாய் அழுத்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மக்னீசியம் -2.37 வோல்ட், அலுமினியம் -1.66, துத்தநாகம் -0.76, இரும்பு -0.44, செம்பு +0.34. எண் எவ்வளவு எதிர்மறையோ, அந்த உலோகம் அவ்வளவு எளிதாக எலக்ட்ரான்களை இழக்கும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் அலுமினியம் இரும்பைவிட வேகமாக அழிய வேண்டும். ஆனால் வீட்டுச் சன்னல் சட்டமும் சமையலறைப் பானையும் பல ஆண்டுகள் அப்படியே இருக்கின்றனவே!

இதற்குக் காரணம் அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலம். காற்று பட்ட கணத்திலேயே அது உருவாகிவிடும். அதன் தடிப்பு சில நானோமீட்டர் மட்டுமே. நம் தலைமுடியின் தடிப்பு பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு மெல்லியது என்று புரியும். மெல்லியதாக இருந்தாலும் நெருக்கமானது. உலோகத்தை விட்டு உதிராது. கீறினால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை, அந்த இடத்திலேயே புதுப் படலம் தோன்றிக் காயத்தை மூடும். இரும்பின் துருவோ பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்து, அடியிலுள்ள உலோகத்தை மீண்டும் வெளிக்காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அலுமினியத்துக்கு ஆக்சைடு என்பது தாய்வீடு மாதிரி. நம் ஜொகூரின் தென்கிழக்கு மூலையில் உள்ள தெலுக் ரமுனியாவில் பல ஆண்டுகள் பாக்சைட் தோண்டி எடுத்தார்கள். செம்மண் போன்ற அந்தத் தாதுவில் அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்தே இருக்கிறது. இரண்டையும் பிரிக்க மிகுந்த மின்சாரம் தேவை. அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ ஆகிய இருவரும் 1886-இல் தனித்தனியே கண்டுபிடித்த மின்னாற்பகுப்பு முறையைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. அவ்வளவு ஆற்றல் செலுத்திப் பிரித்த உலோகம், வாய்ப்புக் கிடைத்ததும் தாய்வீட்டுக்குத் திரும்பவே பார்க்கும். அரிப்பு என்பது அந்தத் திரும்பும் பயணம்.

கவசம் எங்கே உடைகிறது?

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை இரவு முழுக்க வைக்காதே என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஊறுகாயைப் பீங்கான் சாடியில்தான் போடுவார்கள். இவை வெறும் பழக்கம் அல்ல. அலுமினிய ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். அளவு ஏறக்குறைய 4 முதல் 8.5 வரை உள்ள நீரில்தான் அது நிலையாக இருக்கும்.

கடல்நீரின் பி.எச். சுமார் 8.1. அதாவது பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. பிறகு சிக்கல் எதனால்? உப்பினால். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு. குளோரைடு அயனி மிகச் சிறியது, துடிப்பானது. ஆக்சைடு படலத்தில் பலவீனமான ஒரு புள்ளி கிடைத்தால் போதும், அங்கே நுழைந்து படலத்தைக் கிழித்துவிடும்.

திறந்த வெளியாக இருந்தால் ஆக்சிஜன் வந்து காயத்தை மூடிவிடும். ஆனால் குழிக்குள் ஆக்சிஜன் எளிதில் போய்ச் சேராது. உள்ளே அலுமினியம் கரைந்து அயனியாகிறது. அந்த அயனி நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. நேர்மின் அயனிகளைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலமும் குளோரைடும் கூடக்கூட அரிப்பு வேகமாகிறது. குழி தனக்கு வேண்டிய சூழலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இதையே குழி அரிப்பு என்கிறோம்.

படகுக்குள் நனைந்த கம்பளம், ஈரப் பலகை, பஞ்சுத்துண்டு போன்றவை அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தாலும் இதே கதைதான். அவற்றின் அடியில் உப்பு நீர் தேங்கி நிற்கும், காற்றோட்டம் இருக்காது. கவசத்தால் ஆறிக்கொள்ள முடியாது.

இரண்டு உலோகங்கள் சேர்ந்தால்

எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு துத்தநாக ஆணியையும் குத்தி மின்கலம் செய்திருப்பீர்கள். அங்கே தேவைப்பட்டவை மூன்று: வெவ்வேறான இரண்டு உலோகங்கள், அவற்றை இணைக்கும் கம்பி, நடுவே ஒரு மின்பகுளி. இப்போது ஒரு படகை எண்ணிப் பாருங்கள். அடித்தகடு அலுமினியம். சுழல்விசிறி வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகு. இரண்டையும் இயந்திரமும் அச்சுத்தண்டும் இணைக்கின்றன. சுற்றிலும் உப்பு நீர். படகு மிதக்கும் மின்கலமாகிவிட்டது! இந்தக் கலத்தில் எலக்ட்ரானை இழந்து கரைகிற ஆனோடு அலுமினியம். பாதுகாப்பாக இருக்கும் கேத்தோடு வெண்கலம்.

இதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு சாட்சி உண்டு. 1895-இல் அமெரிக்காவில் ‘டிஃபெண்டர்’ என்ற பந்தயப் பாய்மரப் படகைக் கட்டினார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே வெண்கலத் தகடு, மேலே அலுமினியத் தகடு, உள்ளே எஃகுச் சட்டம். எடை குறைந்ததால் வேகமாகப் பாய்ந்து, அந்த ஆண்டே அமெரிக்கக் கோப்பையை வென்றது. ஆனால் கடல்நீரில் மூன்று உலோகங்களும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. 1901-இல் அதை உடைத்துப் போட்டுவிட்டார்கள். வெற்றிப் படகின் ஆயுள் ஆறே ஆண்டுகள்.

அது பழைய காலம், இன்று எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்கக் கடற்படையின் ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற அலுமினியக் கப்பல் 2010-இல் பணியில் சேர்ந்தது. மறு ஆண்டே, 2011-இல், நீரைப் பீய்ச்சிக் கப்பலை உந்தும் எஃகுப் பகுதிகளுக்கு அருகே அதன் அலுமினியம் கடுமையாக அரித்திருப்பது தெரியவந்தது. அரிப்பைத் தடுக்கும் மின்வேதி அமைப்பு அந்தக் கப்பலில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. பின்னர் பொருத்த வேண்டியதாயிற்று. அதே வகையைச் சேர்ந்த ‘கொரோனாடோ’ என்ற கப்பல் 2016-இல் நம் பக்கத்து நாடான சிங்கப்பூருக்கு வந்து தங்கிப் பணிபுரிந்தது. வேதியியல் விதி பந்தயப் படகையும் விடாது, போர்க்கப்பலையும் விடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். படகின் உள்ளே தேங்கிய உப்புநீரில் ஒரு செம்புக் கம்பித் துண்டோ, செம்பும் நிக்கலும் கலந்த பழைய 20 சென் நாணயமோ விழுந்து கிடந்தாலும் அது ஒரு சிறு மின்கலமே. பழுதுபார்த்து முடித்ததும் படகின் அடித்தளத்தைத் துப்புரவாகத் துடைக்கச் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல.

பாடநூலுக்கும் கடலுக்கும் ஒரு வேறுபாடு

அலுமினியப் படகின் அடியில் சாம்பல் நிறக் கட்டிகள் சில திருகப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அவை துத்தநாகக் கட்டிகள். படகுக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்து, படகைக் காப்பது அவற்றின் வேலை. அதனால் அவற்றைத் தியாக ஆனோடு என்பார்கள்.

இங்கே நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவர் கை தூக்க வேண்டும். “ஆசிரியரே, பட்டியலில் அலுமினியம் -1.66, துத்தநாகம் -0.76. அலுமினியம்தானே முதலில் கரைய வேண்டும்? துத்தநாகம் எப்படி அலுமினியத்தைக் காக்கும்?”

அருமையான கேள்வி. விடை அந்த ஆக்சைடு கவசத்தில் இருக்கிறது. பாடநூலின் எண்கள், கவசம் இல்லாத தூய உலோகத்துக்கும் குறிப்பிட்ட செறிவுள்ள அதன் சொந்த அயனிக் கரைசலுக்கும் உரியவை. கடலில் இருக்கும் அலுமினியமோ கவசம் அணிந்தது. கடல்நீரில் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்வாயைக் கொண்டு அளந்தால், மக்னீசியம் ஏறக்குறைய -1.6 வோல்ட், துத்தநாகம் -1.0, படகு கட்டும் அலுமினியக் கலப்புலோகம் -0.8, எஃகு -0.6, செம்பு -0.3 என்று வருகின்றன. ஒப்பீட்டு மின்வாய் வேறு என்பதால் இந்த எண்களைப் பாடநூல் எண்களோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். வரிசையை மட்டும் பாருங்கள். அலுமினியம் துத்தநாகத்துக்குக் கீழே இறங்கிவிட்டது! எனவே துத்தநாகம் எலக்ட்ரான்களைக் கொடுக்க, அலுமினியம் பிழைத்துக்கொள்கிறது.

பாடநூல் தவறு என்று பொருள் அல்ல. எந்தச் சூழலில் அளந்த எண் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே பொருள்.

கொப்புளத்தின் மூன்று பிறப்பிடங்கள்

இனி சாயத்துக்கு வருவோம். சாயம் என்பது நீர் புகாத கண்ணாடி அல்ல. நீராவியும் நீர் மூலக்கூறுகளும் அதன் வழியே மெதுவாக ஊடுருவும். ஆனால் உப்பின் அயனிகள் அவ்வளவு எளிதில் ஊடுருவ முடியாது. நீரை விடும், உப்பை விடாது. அப்படியானால் சாயப் படலம் எதைப் போன்றது? சவ்வூடுபரவல் பாடத்தில் படித்த பகுதி ஊடுருவு சவ்வைப் போன்றது.

முதல் பிறப்பிடம் இதுதான். சாயம் அடிப்பதற்கு முன் உலோகத்தில் படிந்திருந்த உப்பைக் கழுவாமல் விட்டுவிட்டால், சாயத்துக்கு அடியில் உப்பு சிறைப்படும். வியர்வைக் கைரேகைகூட உப்புதான். வெளியிலுள்ள நீர் ஊடுருவி வந்து அந்த உப்பைக் கரைக்கும். செறிவான கரைசல் மேலும் நீரை இழுக்கும். உள்ளே அழுத்தம் ஏறிச் சாயம் உப்பும். தூய நீருக்கும் கடல்நீர் அளவு உப்புக் கரைசலுக்கும் இடையே உண்டாகும் சவ்வூடுபரவல் அழுத்தம் 25 வளிமண்டல அழுத்தத்துக்கும் அதிகம். வண்டிச் சக்கரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் பல மடங்கு!

இதிலிருந்து வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. சாயத்துக்கு அடியில் உப்பு சிக்கியுள்ள படகைக் கடலில் விடுவதைவிட, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதி போன்ற நன்னீரில் விட்டால் கொப்புளம் விரைவாக எழும்பும். கடலில் இரண்டு பக்கமும் உப்பு இருப்பதால் இழுவிசை குறைவு. நன்னீரில் ஒரு பக்கம் மட்டுமே உப்பு, எனவே இழுவிசை அதிகம். உப்பு நீர்தான் எப்போதும் எதிரி என்று நினைத்திருந்தால் இந்த விடை உங்களை நிறுத்தி யோசிக்க வைக்கும்.

இரண்டாவது பிறப்பிடம் கீறல். சாயம் கீறிய இடத்தில் அலுமினியம் அரித்து அலுமினிய ஐதராக்சைடாக மாறும். அதுதான் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி. கரைந்த உலோகத்தைவிட அது அதிக இடத்தை அடைக்கும். எனவே சுற்றியுள்ள சாயத்தை நெம்பித் தூக்கும். தூக்கிய இடைவெளியில் உப்புநீர் புகும். கொப்புளம் பரவும்.

மூன்றாவது பிறப்பிடம் காரம். இரும்பு ஆணிகளில் வெவ்வேறு உலோகங்களைச் சுற்றி, ஃபினால்ஃப்தலீன் கலந்த கூழில் வைத்துப் பார்க்கும் துருப்பிடித்தல் பரிசோதனை நினைவிருக்கிறதா? துத்தநாகம் சுற்றிய ஆணியைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். கேத்தோடில் ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரானைப் பெற்று ஐதராக்சைடு அயனி உண்டாவதற்கு அதுவே அடையாளம். படகிலும் அதே காரம் உண்டாகிறது. அளவோடு இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் கடலில் ஓடும் அலுமினியப் படகுக்கு மக்னீசியக் கட்டியைப் பொருத்தினால், அல்லது கட்டிகளை அளவுக்கு மீறிப் பொருத்தினால், காரம் மிகுந்துவிடும். காரம் சாயத்தின் பிடிப்பைத் தளர்த்தும். பிறகு ஆக்சைடு கவசத்தையே கரைக்கும். காக்க வைத்த காவலாளியே வீட்டைக் கெடுத்த கதையாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

செம்புச் சாயம் செய்யும் கேடு

படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் வேகம் குறையும். அவற்றைத் தடுக்கப் பூசும் சாயங்கள் பலவற்றில் செம்பு ஆக்சைடு இருக்கிறது. செம்பு அயனிகள் மெதுவாகக் கசிந்து கடலுயிர்களை அண்டவிடாமல் செய்கின்றன.

இதை உலகுக்கு உணர்த்தியது ஒரு சுவையான ஆய்வு. 1824-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, மரக்கப்பல்களின் அடியில் வேய்ந்திருந்த செம்புத் தகடு அரிக்காமல் இருக்க, அதனோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைக்கலாம் என்று காட்டினார். தியாக ஆனோடு பிறந்தது அப்போதுதான். செம்பு அரிக்கவில்லை, ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் அடர்ந்து வளர்ந்துவிட்டன! செம்பு கரைந்தால்தான் அவை அண்டாது என்பது அப்போது தெளிவாயிற்று.

கண்ணாடியிழைப் படகுக்கும் மரப்படகுக்கும் செம்புச் சாயம் பொருந்தும். அலுமினியத்தின் மேல் நேரடியாகப் பூசினால் நடப்பது இடப்பெயர்ச்சி வினை: அலுமினியம் கரைகிறது, செம்பு அயனி உலோகச் செம்பாகி அதன் மேல் படிகிறது. படிந்த ஒவ்வொரு செம்புத் துணுக்கும் ஒரு புதிய கேத்தோடு. அதைச் சுற்றிப் புதிய குழிகள் தோன்றும். எனவே அலுமினியப் படகுக்கென்றே தயாரிக்கப்படும் செம்பு ஆக்சைடு இல்லாத சாயத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாயக்கடையில் டின்னின் மேலுள்ள குறிப்பை வாசிக்கும் ஐந்து நிமிடம் ஒரு படகைக் காப்பாற்றும்.

எப்படித் தடுப்பது?

காரணங்கள் புரிந்துவிட்டால் தடுப்பு முறைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

1. முதலில் எண்ணெய்ப் பசையை நீக்கிய பிறகே தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் பசை கீறல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

2. மணல்தாளால் தேய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான தகட்டைச் சாயம் பிடிக்காது. எஃகுத் தூரிகையைப் பயன்படுத்தக்கூடாது. அதன் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து சிறு சிறு மின்கலங்களாகும்.

3. நன்னீரால் நன்கு கழுவி, உப்பை முழுதும் போக்கி, உலரவிட வேண்டும். கழுவிய இடத்தைப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது.

4. தேய்த்த சில மணி நேரத்துக்குள் அலுமினியத்துக்கு ஏற்ற முதற்பூச்சை அடிக்க வேண்டும். பெரும்பாலும் அது எப்பாக்சி வகை. தாமதித்தால் ஈரக் காற்றில் ஆக்சைடும் அழுக்கும் மீண்டும் தடிக்கும். இந்தப் பூச்சு உலோகத்துக்கும் நீருக்கும் இடையிலான தடுப்புச்சுவர். அதன்மேல்தான் பாசி தடுப்புச் சாயம் வர வேண்டும்.

5. எஃகுத் திருகாணி போடும் இடங்களில் நைலான் வளையமோ அடைப்புப் பசையோ வைத்து, அலுமினியத்திலிருந்து அதைப் பிரிக்க வேண்டும். மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்கும் வழி இது.

6. தியாக ஆனோடு உலோகத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் சாயம் அடிக்கக்கூடாது. அடித்தால் வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். சிறிதும் கரையாத கட்டியைப் பார்த்து மகிழாதீர்கள். அது கடமையைச் செய்யவில்லை என்றே பொருள்.

நான்காவது படியில் நம் ஜொகூர் வானிலைக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். சாயம் அடிக்கும் தகடு, பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் வெப்பமாக இருக்க வேண்டும் என்பது சாயத் தொழிலின் பொது விதி. வெப்பநிலை 28 பாகை, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 25.2 பாகை. தகடும் 28 பாகையில் இருந்தால் இடைவெளி 2.8 பாகைதான். விதிப்படி சாயம் அடிக்கக்கூடாது! கண்ணுக்குத் தெரியாத ஈரம் தகட்டில் இருக்கக்கூடும். அதன்மேல் அடித்த சாயம் சில மாதங்களில் கொப்பளிக்கும். அதே நாளில் நேரம் ஏறி, வெப்பநிலை 32 பாகையாகவும் ஈரப்பதம் 65 விழுக்காடாகவும் மாறினால், பனிநிலை ஏறக்குறைய 24.6 பாகை. இடைவெளி 7 பாகைக்கு மேல். இப்போது அடிக்கலாம். ஆனால் நேர் வெயிலில் அல்ல. சூடேறிய தகட்டில் சாயத்தின் மேற்பரப்பு சட்டென்று காய்ந்து, உள்ளே கரைப்பான் ஆவி சிக்கிக்கொள்ளும். அதுவும் குமிழியாகும். நிழலான கூரைக்கு அடியில், காலை ஈரம் தணிந்த பிறகு அடிப்பதே நல்லது.

பலர் வியக்கும் இன்னொரு செய்தி. அலுமினியத்துக்கு மட்டும் நன்றாகச் சாயம் பூசி, வெண்கலச் சுழல்விசிறியை வெறுமனே விட்டால் என்ன ஆகும்? சாயத்தில் ஒரே ஒரு கீறல் விழுந்தால்கூட, பெரிய வெண்கலப் பரப்பு கேட்கும் எலக்ட்ரான்கள் முழுவதையும் அந்தச் சிறு கீறலே கொடுக்க வேண்டியிருக்கும். ஊர்க் கடனை ஒருவரே அடைப்பதுபோல. அங்கே துளை மிக விரைவாக விழும். ஆகவே கேத்தோடுக்கும் சாயம் பூச வேண்டும். அலுமினியத்தின் கீறல்களை உடனுக்குடன் சரிசெய்ய வேண்டும்.

பழைய சாயத்தைச் சுரண்டும்போது அந்தத் தூளை நீரில் தள்ளிவிடக்கூடாது. பாசியைக் கொல்லும் நஞ்சு சிப்பியையும் விடாது. ஜொகூர் நீரிணையில் வளர்த்து எடுக்கும் பச்சைச் சிப்பிகள் நீரை வடிகட்டித்தான் உண்கின்றன. நீரில் உள்ள உலோகம் அவற்றின் உடலில் சேரும். அங்கிருந்து நம் தட்டுக்கு வர அதிகத் தொலைவு இல்லை. தரையில் விரிப்பைப் போட்டுச் சுரண்டி, தூளைச் சேகரித்து, முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், கண்காப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு இதைச் செய்யலாம். இரண்டு முகவைகளில் செப்பு சல்பேட்டுக் கரைசலைச் சிறிதளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு அலுமினியத் தாளை இடுங்கள். சில நிமிடங்கள் பெரிதாக ஒன்றும் நடக்காது, கவசம் காக்கிறது. இப்போது ஒரு முகவையில் மட்டும் ஒரு கரண்டி சமையல் உப்பைச் சேர்த்துக் கலக்குங்கள். குமிழிகள் கிளம்பும், முகவை சூடாகும், நீல நிறம் வெளிறும், தாளின் மேல் செம்பழுப்பாகச் செம்பு படியும். உப்பு கவசத்தை உடைப்பதையும், செம்பு அலுமினியத்தை அழிப்பதையும் ஒரே பரிசோதனையில் காணலாம். வெப்பம் வெளிப்படும் என்பதால் குறைந்த அளவே எடுங்கள்.

வீட்டில் செய்ய எளிய ஒன்று: ஒரு கிண்ணத்தில் வெறும் நீரும் இன்னொன்றில் உப்பு மிகக் கரைத்த நீரும் எடுத்து, இரண்டிலும் உலர்ந்த திராட்சைகளைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். எந்தத் திராட்சை அதிகம் உப்புகிறது? அதன் தோலைச் சாயமாகவும், உள்ளிருக்கும் சர்க்கரையைச் சிறைப்பட்ட உப்பாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆற்றில் நிற்கும் படகுக்கும் கடலில் நிற்கும் படகுக்கும் உள்ள வேறுபாடு கிண்ணத்திலேயே தெரியும்.

அரிப்பைப் படிக்கவும் ஒரு கூடம்

அரிப்பைப் பற்றிய ஆய்வையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் அது திறக்கப்பட்டது. கடலோர ஊர்களான மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதன் மையங்கள் உப்புக் காற்றும் கடல்நீரும் உலோகங்களை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்து வருகின்றன. மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஜொகூரில் பிறந்த உங்களுக்கும் இந்தத் துறை அந்நியமானது அல்ல. பாசிர் கூடாங் கப்பல் பட்டறை முதல் மெர்சிங்கின் சிறு படகுத் துறை வரை, மின்வேதியியல் தெரிந்த கைகளுக்கு வேலை இருக்கிறது.

இறுதியாக உங்களுக்கு ஒரு கேள்வி. ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தில் நிற்கும் அலுமினியப் படகுகளுக்குத் துத்தநாகத்தைவிட அலுமினிய ஆனோடுகளே சிறந்தவை என்கிறார்கள். அந்த அலுமினியத்தில் சிறிதளவு துத்தநாகமும் மிகச் சிறிதளவு இண்டியமும் கலந்திருக்கும். அலுமினியத்தை அலுமினியமே காப்பது எப்படி? குறிப்பு: இண்டியம் அந்தக் கட்டியின் மேல் எதை உருவாக விடாமல் தடுக்கிறது என்று யோசியுங்கள். விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கண்டுபிடித்ததும் உங்கள் வேதியியல் ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.